சீ வியூ மருத்துவமனையின் செவிலியர்

செவிலியர் வேலை என்றவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். “தலைமுறை தலைமுறையாகப் பிறர் அழுக்கை எடுத்தது போதாதா?” என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளியிறுதி முடித்துச் செவிலியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் நம் பெண்கள், அமெரிக்கக் கறுப்பினச் செவிலியர் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்துகொள்ளுதல் நலம்.

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், காசநோயாளிகளுக்கென 1913-இல் திறக்கப்பெற்றது சீ வியூ மருத்துவமனை. நோயாளிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்; நோயைத் தீர்க்கும் மருந்தோ அந்நாளில் இல்லை. நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு இவையே சிகிச்சை. சிலருக்கு விலா எலும்புகளை அகற்றி நுரையீரலை ஒடுக்கும் கொடிய அறுவையும் நடந்தது. 1929-ஆம் ஆண்டளவில் வெள்ளையினச் செவிலியர் தொற்றுக்கு அஞ்சி விலகத் தொடங்கினர். அப்போதுதான் நகர நிர்வாகத்துக்குத் தென்மாநிலக் கறுப்பினப் பெண்களின் நினைவு வந்தது! அதே நகரின் மற்ற மருத்துவமனைகள் பலவற்றில் அவர்களுக்குக் கதவு அடைபட்டிருந்தது. பிறர் விட்டு ஓடிய இடத்திற்கு மட்டும் அழைக்கப்படுதல் நமக்குப் புதிய செய்தியன்று.

1961 வரை ஏறத்தாழ 300 பேர் அங்குப் பணிபுரிந்தனர். சிலர் அந்நோய்க்கே ஆளாயினர். இதனைத் தியாகம் என்று மட்டும் போற்றுவோர், கதவடைத்த அநீதியை மறைத்து விடுகின்றனர். அவர்கள் பெற்ற மனநிறைவு வேறிடத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து.

ஒரு வார்டின் பொறுப்பை ஏற்ற செவிலியரின் பணி யாது? எவருக்குக் காய்ச்சல் ஏறிற்று, எவர் இரத்தம் கக்கினார், எவர் உணவைத் தொடவில்லை என்பன அனைத்தும் மருத்துவர் கேட்குமுன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இளைய செவிலியர்க்கு வேலையைப் பகிர்ந்தளித்து, முறை மாறும்போது அடுத்தவரிடம் ஒன்றும் விடாமல் ஒப்படைக்க வேண்டும். இது ஏவல் வேலையன்று, அறிவின் வேலை.

டாக்டர் ராபிட்செக்கும் டாக்டர் செலிகாஃபும் 1951-இல் ஐசோனியாசிட் வகை மருந்துகளை அங்குச் சோதிக்கத் தொடங்கியபோது இவ்வறிவு துணைநின்றது. நாள் தவறாமல் மருந்தளித்து, பசி, எடை, காய்ச்சல், சளி ஆகியவற்றைக் கண்காணித்துக் குறித்தவர்கள் இச்செவிலியரே. சாவை எதிர்நோக்கிக் கிடந்தோர் எழுந்து அமர்ந்து மேலும் உணவு கேட்டனர். 1952-இல் நோயாளிகள் வார்டில் நடனமாடும் படங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பிணங்களை மூடியே பழகிய கைகளுக்கு அதனினும் பெரிய ஊதியம் ஏது? ஆயினும் செய்தித்தாள்கள் மருத்துவர்களைத்தான் புகழ்ந்தன.

அதே ஐசோனியாசிட்டை மற்றொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்து, நோயாளி தம் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையமாகும். சீ வியூவின் காசநோய் வார்டுகள் 1961-இல் மூடப்பட்டன. அங்கு 1947-இல் 16 வயதில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் செவிலியரான வர்ஜீனியா ஆலன் அம்மையார், தம் முதுமையில் அதே வளாகத்தின் பழைய செவிலியர் விடுதிக் கட்டடத்திலேயே விரும்பிக் குடியேறினார்.