மதிலுக்கு அப்பால்: எதிர்காலப் புனைகதைகளில் இயற்கை ஏக்கம்

எதிர்காலச் சமுதாயத்தைச் சித்திரிக்கும் ஐரோப்பியப் புனைகதைகளில் ஓர் ஏக்கம் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது: செயற்கைச் சூழலில் அடைபட்ட மனிதன் புல்லையும் வானையும் நாடுகின்றான். முற்போக்கு விமர்சகர் பலர் இதனை வெறும் பழமையேக்கமென ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்குதல் தகுமா என்பதே இங்கு எழும் வினா.

ஈ. எம். போஸ்ரர் 1909இல் எழுதிய 'இயந்திரம் நிற்கிறது' கதையில் மாந்தர் நிலத்தடியில், தேனடைக் கண்களையொத்த அறைகளில் தனித்து வாழ்கின்றனர். கூனோ என்னும் இளைஞன் காற்றுக்குழாய் வழியே மேலேறிக் குன்றுகளைக் காண்கின்றான். ஆயின் இயந்திரம் எவருடைய நலனுக்காக இயங்குகின்றது என்பதைப் போஸ்ரர் ஆராய்வதில்லை. அல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவல் அவ்விடத்தைத் தொடுகின்றது. அங்கு மலர்களை நோக்கித் தவழும் குழந்தைகள் மின்னதிர்ச்சியால் வெருட்டப்படுகின்றனர். காரணம் பொருளாதாரமே: இயற்கையை நேசிக்கச் செலவில்லை, அந்நேசம் எந்த ஆலையையும் இயக்காது. எனவே நாட்டுப்புறத்தின்மீது வெறுப்பும், அங்கு சென்று விலையுயர்ந்த கருவிகளுடன் ஆடும் விளையாட்டுகளில் விருப்பும் ஒருங்கே ஊட்டப்படுகின்றன.

உண்மையில் இம்மதில் எதிர்காலத்துக்குரியதன்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய வேலியடைப்புச் சட்டங்கள் பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கின. மேய்ச்சலையும் விறகையும் இழந்த உழவர் பலர் கூலிகளாயினர். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் நகரத்தார் நாட்டுப்புறத்தாரைவிட மிகுந்துவிட்டனர். நகரம் உண்ணும் விளைபொருளின் சத்து மண்ணுக்கு மீளாமையை மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற் பாகத்தில் சுட்டினார். ஆகவே, மனிதனைச் சிறையிட்ட கற்பனைக்கு முன்னரே நிலம் சிறைப்பட்டுவிட்டது. ஏக்கத்தின் வேர் அங்கேயே உள்ளது.

வில்லியம் மொறிஸ் 1890இல் இதற்கு வேறொரு விடை கண்டார். அவர் கனவுகண்ட புரட்சிக்குப் பிந்திய இலண்டனில் தேம்ஸ் நதியில் சமன் மீன் பிடிக்கப்படுகின்றது. அங்கு இயற்கை தப்பியோடும் புகலிடமன்று. உழைப்பு விடுதலையடைந்ததன் பயன்.

எனினும், உடைமை மாறிவிட்டால் மதில் தானே சரிந்துவிடுமா? சம்யாத்தின் 1920–21இல் எழுதிய 'நாம்' நாவலின் நகரைப் பச்சைச் சுவரொன்று காட்டிலிருந்து பிரிக்கின்றது. அந்நகரத்தார் போற்றும் அறிஞர் அமெரிக்க ஆலை முகாமை நிபுணரான ரெயிலர். இந்நாவல் சோவியத் நாட்டில் 1988இலேயே வெளிவர முடிந்தது. இதற்கிடையே, 1960களிலிருந்து பருத்திச் செய்கைக்காக ஆறுகள் திருப்பப்பட்டமையால் ஆரல் கடல் வற்றத் தொடங்கியிருந்தது. எச்சரிக்கையைப் பிற்போக்கென்று தள்ளியமைக்கான விலை சிறிதன்று.

எனவே இவ்வேக்கத்தைப் பழமைவாதிகளிடம் விட்டுவிடலாகாது. இழந்தது எது, பறித்தவர் எவர், மீட்கும் வழி யாது என வினவும்போது, அது வரலாற்றுணர்வாக முதிர்கின்றது.