ஸ்பெயின் போய்த் திரும்பிய படம்

'வித்தின் அவர் கேட்ஸ்' என்ற ஊமைப்படத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு பிரதி. படம் எடுக்கப்பட்ட அமெரிக்காவில் அது கிடைக்கவில்லை. 1970களில் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கிடைத்தது. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் இயக்கி, இன்று கையில் இருக்கும் முழுநீளப் படங்களில் இதுவே மிகப் பழையது.

இயக்குநர் ஆஸ்கர் மிஷோ தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதவர், தன் நாவல்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கொலைகாரர்களை மீட்பர்களாக்கிப் பெரும் வசூல் கண்டது. ஐந்தே ஆண்டில் அதற்கு எதிர்க்குரலாக மிஷோவின் படம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு நிதி திரட்ட வடக்கே போகும் சில்வியாவின் கதை அது. நாயகி எவலின் பிரியர். சில்வியாவை வளர்த்தவர்களைச் செய்யாத கொலைக்காக வெள்ளையர் கும்பல் தூக்கிலிடுகிறது. அதே வேளையில் இன்னொரு வீட்டில் அவளைப் பலாத்காரம் செய்ய வருகிறான் ஒரு வெள்ளையன். அவள் மார்பின் தழும்பைக் கண்டதும் அவள் தன் மகள் என்று அறிகிறான். இரண்டு காட்சிகளையும் மிஷோ மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அமெரிக்காவின் தெற்கில் உண்மையில் யார் யாரை வேட்டையாடினார்கள் என்பதை இத்தனை துணிவாகச் சொன்ன படம் அந்நாளில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

படம் வெளியானது 1920 ஜனவரியில், சிகாகோவில். முந்தைய கோடையில்தான் அங்கே இனக்கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள். படம் மறுபடி தீ மூட்டும் என்று தணிக்கையாளர்கள் அஞ்சினார்கள். சில காட்சிகளை வெட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. தெற்கில் சில அரங்குகள் திரையிடவே மறுத்தன. வெட்டு ஊருக்கு ஊர் மாறியதால், இந்த ஊர் பார்த்த படமும் அந்த ஊர் பார்த்த படமும் ஒன்றல்ல.

1951இல் மிஷோ இறந்தபோது அவர் படங்களைப் பத்திரப்படுத்த எந்த நிறுவனமும் முன்வந்திருக்கவில்லை. 1920களில் ஸ்பெயினுக்கு வியாபாரத்துக்காகப் போன பிரதிதான் தப்பியது. வசன அட்டைகளில் நான்கு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தன. மற்றவை ஸ்பானிய மொழியில். நடுவே ஒரு துண்டு காணவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1993இல் படத்தைச் சீரமைத்தது. மிஷோவின் நாவல்களையும் அவரே எடுத்த 'பாடி அண்ட் சோல்' படத்தின் அட்டைகளையும் படித்து, அவர் நடையிலேயே திரைப்பட வரலாற்றாளர் ஸ்காட் சிம்மன் ஆங்கில அட்டைகளை மீண்டும் எழுதினார். காணாமற்போன துண்டின் கதையை ஓர் அட்டை சொல்கிறது.

இப்போது திரைப்பட விழாக்களில், திரையோரம் அமர்ந்து இசைப்பவர்களோடு, இந்த ஊமைப்படம் ஓடுகிறது. மிஷோ உழுத பூமியான கிரெகரியிலும் அவர் பெயரில் விழா எடுத்திருக்கிறார்கள்.

மிஷோ எடுத்தவை நாற்பதுக்கும் மேல். ஊமைப்படங்களில் கிடைத்தவை மூன்றே. அவற்றில் 'தி சிம்பல் ஆஃப் தி அன்காங்கர்ட்' பெல்ஜியத்தில் அகப்பட்டது. மீதியையும் அயல்நாட்டுக் காப்பகங்களில், வேறு பெயர் ஒட்டிய பெட்டிகளுக்குள் தேடத்தான் வேண்டும்.