இரு மொழிச் செல்வத்தை இணைத்த கவிக்கோ

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், ஞானப் பாடல்கள் தந்த குணங்குடி மஸ்தான் சாகிபு எனத் தமிழ் வளர்த்த இஸ்லாமியப் புலவர்களின் மரபு நெடியது. அம்மரபில் நம் காலத்தில் தோன்றிய பெருங்கவிஞர் கவிக்கோ அப்துல் ரகுமான் ஆவார்.

1937ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மதுரையில் பிறந்த அன்னாரின் தந்தையாரும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். அவரோ மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்று, 1961ஆம் ஆண்டு வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழாசிரியப் பணி ஏற்றார். உருதுக் கவியரங்குகள் செழித்த அவ்வூரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ் போதித்தார்.

உருது பேசுவோர் தமிழுக்கு அயலாரா? தமிழில் எழுதுவோர் தம் மரபை இழந்துவிடுவரா? நம்மிடையே அவ்வப்போது எழும் இவ்வினாக்களுக்கு அவர் தம் படைப்பாலேயே விடையளித்தார். அரபியில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, உருதுவில் மலர்ந்த கஸலைத் தமிழுக்குக் கொணர்ந்தார். ஈரடிகளில் ஒரு முழு உணர்வைச் சொல்லி முடிப்பது கஸலின் இயல்பு. உருதுவின் யாப்பை அப்படியே பெயர்க்காமல், அதன் உயிரை மட்டும் எடுத்துத் தமிழ்ப் புதுக்கவிதையில் பெய்தார். ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ அவ்வாறு விளைந்த நூலாகும். ஜப்பானிய ஐக்கூவையும் தமிழர்க்கு அறிமுகம் செய்தவர்களுள் அவர் முன்னோடி.

1974இல் வெளிவந்த ‘பால்வீதி’ அவரது முதல் கவிதைத் தொகுதி. புதுக்கவிதையில் குறியீடு பற்றி ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். ‘ஆலாபனை’ நூலுக்கு 1999ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புகழும் பொருளும் தரக்கூடிய திரைப்பாடல் துறையை நாடாமல், மேடைக் கவியரங்கையும் நூலையுமே தம் களமாகக் கொண்டார். 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகச் சமுதாயப் பொறுப்பையும் சுமந்தார்.

2017ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ரமலான் மாதத்தில், சென்னையில் இறையடி சேர்ந்தார்.

ஜமாஅத்துப் பெருமக்களே! தாய்மொழி எதுவாயினும், தமிழைத் தமதாக்கிக் கொண்டு அதற்குப் புதுச்செல்வம் சேர்க்க முடியும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். நம் பிள்ளைகள் அவர் நூல்களை ஊன்றிப் படிக்க வழிசெய்வதே நாம் அவருக்குச் செய்யும் சிறப்பாகும்.

வல்ல இறைவன் அன்னாருக்கு மறுமையில் நற்பதவி அருள்வானாக! ஆமீன்.