சுரங்கத் தொழிலாளியைத் தேடிச் சென்ற பாடசாலை

1869 செப்டெம்பர் 6ஆம் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அவொண்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீ மூண்டது. உள்ளே இறங்கவும் மேலே வரவும் ஒரேயொரு வழியே இருந்தது. அவ்வழியைத் தீ அடைத்துவிட்டதால் 110 பேர் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளின் பின்னர் சட்டங்கள் பிறந்தன. சுரங்க மேற்பார்வையாளராக வருவோர் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என 1885இல் விதிக்கப்பட்டது. நியாயமான சட்டந்தான். ஆனால், சிறுவயதிலேயே சுரங்கத்துள் இறங்கியவர்கள் எங்கே போய்ப் படிப்பது? பகலெல்லாம் பூமிக்கடியில் உழைப்பவனுக்குப் பாடசாலை திறந்திருக்கும் நேரம் வாய்ப்பதில்லையே!

இதற்கு வழிகண்டவர் ஒரு பத்திரிகையாளர் என்பது எம்போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். தோமஸ் பொஸ்டர் என்பவர் தாம் நடத்திய சுரங்கத் தொழில் பத்திரிகையில், தொழிலாளரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதியொன்றை வெளியிட்டு வந்தார். அதன் வளர்ச்சியாக 1891இல் ஸ்க்ரான்டன் நகரிலிருந்து தபால் மூலப் பாடநெறியொன்றை ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரிந்தாற் போதும். கணிதத்தை அடிப்படையிலிருந்தே கற்பித்தனர். எந்நாளிலும் சேரலாம், இயன்ற வேகத்தில் படிக்கலாம், கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாம். ஒரு பாடத்தில் தேறிய பின்னரே அடுத்தது அனுப்பப்படும்.

'சர்வதேசத் தபால் கல்விப் பாடசாலைகள்' எனப் பெயர் பெற்ற இந்நிறுவனத்தோடு புகையிரதக் கம்பனிகள் பல உடன்படிக்கை செய்துகொண்டன. கற்பித்தல் உபகரணங்கள் பொருத்திய புகையிரதப் பெட்டிகள் தொழிலாளர் இருந்த இடங்களுக்கே சென்றன. பின்னாளில் மோட்டார் வாகன உற்பத்தியில் புகழ்பெற்ற வோல்டர் கிறைஸ்லர், புகையிரதப் பட்டறைத் தொழிலாளியாக இருந்த காலத்தில் இப்பாடங்களைப் படித்தவரே.

எனினும், சேர்ந்தவர்களிற் பெரும்பாலானோர் படிப்பை முடிக்கவில்லை. களைத்த உடலோடு இரவில் விளக்கின் முன் தனியே அமர்ந்து படிப்பது எளிதன்று. நேரத்தை நெகிழ்த்திக் கொடுத்தால் மட்டும் போதாது, தொழில் தருநரும் தம் நேரத்தில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

இரண்டாம் உலகப் போர் அப்பாடத்தைக் கட்டாயமாக்கிற்று. 1940இல் அமெரிக்க அரசு ஆரம்பித்த தொழிலகப் பயிற்சித் திட்டம், இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகளில், மொத்தம் பத்தே மணி நேரத்தில், பிறருக்கு வேலை கற்பிக்கும் முறையை மேற்பார்வையாளருக்குப் பயிற்றியது. 1945இல் அது முடிவுற்றபோது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் சான்றிதழ் பெற்றிருந்தனர்.

நான் முன்னர் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தபோது, மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம் அதிற் பழக அனுமதி கேட்டார். "வேலை நேரத்தில் என்ன படிப்பு?" என்றது நிர்வாகம். சில மாதங்களில் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவரிடத்துக்கு வந்த இளைஞருக்கு விரைவாகத் தட்டச்சிடத் தெரிந்திருந்தது. ஒற்று எங்கே மிகும் என்பது தெரிந்திருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடித்த நிர்வாகம், பிழைதிருத்துவதற்கு எத்தனை மணி நேரத்தைச் செலவிட்டது என்பதை நாமறிவோம்.

தொழில் தருநர்கள் இக்கணக்கைத் தாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.