ஊரே பிணை: சிற்றூர் வங்கியும் தோட்டத் தமிழரும்

மலேசியச் சட்டங்களுள் ஒன்றின் பெயரில் தமிழ்ச் சொல்லொன்று நிலைபெற்றிருக்கிறது. 1971 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கூட்டு நிதித் தடைச் சட்டமே அது. அதன் ஆங்கிலப் பெயரிலும் 'கூட்டு' என்னும் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அவ்வாறே நிற்கிறது. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவோரால் மக்கள் ஏமாறாதிருக்க அச்சட்டம் பிறந்தது. எனினும், ஒரு வழக்கத்தைத் தடுக்க வந்த சட்டம் அவ்வழக்கத்தின் தமிழ்ப் பெயரையே தாங்க நேர்ந்ததென்றால், அந்த வழக்கம் இந்நாட்டு வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை உய்த்துணரலாம்.

கூட்டு என்பது எளிய ஏற்பாடு. லயத்தில் வாழும் இருபது பேர் மாதந்தோறும் ஆளுக்குப் பத்து வெள்ளி போடுவர். சேர்ந்த இருநூறு வெள்ளியை முறைவைத்தோ குலுக்கியோ ஏலங்கூறியோ ஒருவர் எடுத்துக்கொள்வார். பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. பணம் எடுத்தவர் நாளையும் அதே பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார் என்ற நம்பிக்கை ஒன்றே பிணை. எழுதப்படாத இந்தப் பிணையைச் சட்டமும் கணக்கும் உடைய நிலையமாக ஆக்க முயன்ற வரலாறே சிற்றூர் வங்கியின் வரலாறு.

ஜொகூரில் அன்றைய நிலை

1909 ஆம் ஆண்டில் ஜொகூர் மாநில இருப்புப்பாதை நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் எனப் பாதையை ஒட்டிய பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காடு அழித்து மரம் நட்டுப் பால் வெட்ட வந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்.

பணம் புழங்கும் இடங்கள் மாநிலத்தில் இல்லாமற் போகவில்லை. மூவாரில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். பத்து பகாட்டில் 1919 ஆம் ஆண்டிலேயே சீன வணிகர்கள் அந்நகரின் பெயரால் ஒரு வங்கியைத் தோற்றுவித்தனர். ஆனால் இவை யாவும் நிலமோ சரக்கோ உடையவருக்கு உரியவை. தோட்டத் தொழிலாளி குடியிருந்த அறை நிருவாகத்தினுடையது. வெட்டிய மரமும் நிருவாகத்தினுடையது. பால் வாளியுங்கூட அவனுடையதன்று. 1920களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930 ஆம் ஆண்டின் பெருமந்தத்தில் அதுவும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. சம்பள நாளன்றே கடைக்கணக்குக்கும் கைமாற்றுக்கும் கூலி கரைந்துவிடும். இத்தகையவனுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கி முன்வரும்? அவன் எதை ஈடாகக் காட்டுவான்?

ஒரு தோல்வி தந்த பாடம்

இதே கேள்வி வேறொரு நாட்டில், வேறொரு சூழலில் முன்னரே எழுந்திருந்தது. செருமனியின் ரைன் பகுதிச் சிற்றூர்களில் ஊர்த்தலைவராகப் பணியாற்றியவர் பிரீட்ரிக் வில்லெம் ரைப்பைசன் (1818-1888). 1846, 1847 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், செல்வர்களிடம் பணம் திரட்டி ஏழை உழவர்க்கு மாவும் ரொட்டியும் கிடைக்கச் செய்தார். 1849 இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் ஊரில், வசதியுள்ளோர் பொறுப்பேற்க, உழவர்கள் கால்நடை வாங்க உதவும் சங்கமொன்றை நிறுவினார். நோக்கம் நன்று, ஆயினும் அது நீடிக்கவில்லை. கொடுப்பவர் ஒருபுறமும் பெறுபவர் மறுபுறமுமாக நின்றமையால், கொடுப்பவரின் ஆர்வம் தளர்ந்தபோது சங்கமும் தளர்ந்தது.

அத்தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடத்தின் பயனே 1864 இல் ஹெட்டஸ்டார்பில் தோன்றிய கடன் சங்கம். கடன் பெறுபவரே அங்கு உறுப்பினர், அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளர். ஓர் ஊரின் எல்லைக்குள் வாழ்வோர் மட்டுமே சேரலாம். ஒருவர் கட்டத் தவறினால் எல்லாரும் தம் உடைமை முழுவதையும் கொண்டு ஈடு செய்யவேண்டும். இதுவே வரையறையற்ற பொறுப்பு எனப்படுவது. கேட்பவர்க்கு அச்சந்தரும் விதிதான். ஆனால் சங்கத்தைக் காத்ததும் அதுவே. தன் உடைமைக்கும் இடர் வருமென்றால், அண்டை வீட்டார் வாங்கிய கடன் மாடு வாங்கச் செலவாயிற்றா, மதுக்கடையில் செலவாயிற்றா என்று ஒவ்வொருவரும் கவனிப்பர் அல்லரோ? தொலைவிலுள்ள பெருவங்கி எவ்வளவு செலவிட்டாலும் பெற இயலாத இந்தச் செய்தி, சிற்றூரில் செலவின்றிக் கிடைத்தது.

சென்னை மாகாணத்தில்

இக்கருத்தைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் பிரடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி. உழவர் வங்கிகளைப் பற்றி ஆராயச் சென்னை அரசு அவரைப் பணித்தது. 1895 இலும் 1897 இலும் அவருடைய அறிக்கையின் இரு தொகுதிகள் வெளிவந்தன. சென்னையில் மக்களே தோற்றுவித்து நடத்திவந்த 'நிதி'களையும் அவர் கருத்திற்கொண்டார். சட்டத்தைக் காட்டிலும், ரைப்பைசனைப் போல் ஊரோடு ஒன்றி உழைக்கும் ஒருவரைத் தேடிக் காண்பதே முதல் தேவை என்பது அவர் முடிவின் சாரம்.

1904 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஒரே ஊரையோ வட்டாரத்தையோ சேர்ந்த பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். சிற்றூர்ச் சங்கத்தின் பொறுப்பு வரையறையற்றதாய் இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். அதே ஆண்டு ஆகத்துத் திங்கள் 30 ஆம் நாள், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், உள்ள திரூரில் ஒரு வேளாண்மைக் கடன் சங்கம் பதிவு பெற்றது. இந்திய நாட்டின் கூட்டுறவு வரலாறு எழுதுவோர் முதலிற் குறிக்கும் பெயர்களுள் இச்சிற்றூரின் பெயரும் ஒன்று. பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் அவ்வாண்டிலேயே எழுந்தது.

திரூர் உழவனும் ஏழைதான். ஆயினும் அவனுக்குக் காணி நிலமோ, இல்லையேல் தலைமுறையாக வாழ்ந்த ஊரோ இருந்தது. ஓடிப்போக முடியாத அவ்வுறவே அவனுக்குப் பிணையாயிற்று.

மலாயாவில்

மலாயாவின் கூட்டு மாநிலங்களில் 1922 ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கவெண்டிஷ் என்பார் முதல் இயக்குநரானார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதற் சங்கமாகப் பதிவு பெற்றது. பின்னர் இயக்கம் ஜொகூர் போன்ற கூட்டிணையாத மாநிலங்களுக்கும் பரவியது. 1948 ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் ஒரே விதியை வகுத்தது.

மலாய்ச் சிற்றூர்களில் திரூரைப் போன்ற கடன் சங்கங்கள் அமைந்தன. தோட்டங்களில் அமைந்தவையோ வேறு தன்மையன. அவற்றில் கடனைவிடச் சேமிப்பே மேலோங்கியது. சம்பள நாளன்று கூலியிலிருந்து சிறு தொகை பிடிக்கப்படும். தோட்டத்துக் கிராணியோ எழுத்தறிந்த வேறொருவரோ கணக்கெழுதுவார். திருமணத்துக்கும் ஈமச் செலவுக்கும் சிறு கடன் கிடைக்கும். ஊர் திரும்பும் நாளில் சேர்த்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வேறுபாட்டின் காரணம் எண்ணத்தக்கது. தோட்டத்து மக்கள் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லர். ஒரே லயம், ஒரே கோயில், ஒரே கிணறு எனத் திரூர் மக்களைப்போலவே நெருங்கி வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் காலடியில் இருந்த மண் பிறருடையது. இரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் சில ஆண்டுகளில் இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு கடிதத்தால் கலைக்கப்படக்கூடிய ஊர், நெடுநாட் கடனுக்குப் பிணை நிற்றல் எங்ஙனம்? ரைப்பைசனின் விதிகளுக்கெல்லாம் அடிப்படையான 'ஊர்' என்னும் ஒன்று இங்கே உறுதியற்றிருந்தது.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

அவ்வுறுதியின்மை 1950களில் மீண்டும் வெளிப்பட்டது. நாட்டின் விடுதலையை எதிர்நோக்கிய காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். வேலையும் வீடும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தமையால், வேலை இழந்தோர் வீட்டையும் இழந்தனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பொருளியலறிஞர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று நூறு வெள்ளி; மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் உறுப்பினர்களைச் சேர்த்தார். ஓரிரு ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் சுமார் 3,000 ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் அதன் கைக்கு வந்தன.

மாதம் பத்து வெள்ளி என்பது லயத்துப் பெண்கள் கூட்டுக்குப் போட்ட தொகையை ஒத்ததே. நோக்கம் மட்டும் மாறியது. முன்னைய சங்கங்கள் இருந்த ஊரை நம்பிப் பணம் சேர்த்தன. இச்சங்கமோ பணம் சேர்த்து ஊரையே வாங்க முயன்றது. ரைப்பைசன் வழியை அது தலைகீழாக்கியது எனினும் பொருந்தும். ஈடாகக் காட்ட நிலமில்லாத மக்களுக்கு அதுவே இயல்பான வழியாயிற்று.

அவ்வழி எல்லாரையும் காத்துவிட்டது என்று கூறுதல் மிகையாகும். 1969க்குப் பின் வேலை அனுமதி கிடைக்காத தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. பல தோட்டங்களின் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஊர் கலைந்தபோது, அவ்வூரை நம்பிய சிறு சங்கங்களும் கலைந்தன.

ஆயினும் அவை விட்டுச்சென்ற பாடம் கலையவில்லை. கைநாட்டு வைத்த மக்கள் கணக்கேட்டின் முன் அமர்ந்து, தம் பணத்துக்குத் தாமே தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுத்த முதல் மன்றம் பல தோட்டங்களில் இச்சங்கமே. ஒருவர் நாணயத்துக்கு மற்றவர் பொறுப்பென்னும் எண்ணம் அங்கே பயிற்சியாயிற்று. இன்று பழைய தோட்டங்களின் கணக்கேடுகள் அலமாரிகளிலும் பெட்டிகளிலும் கிடந்து செல்லரிக்கின்றன. எந்த ஆண்டில் யார் எதற்காகக் கடன் பெற்றனர், எவ்வாறு அடைத்தனர் என்பதைக் காட்டும் அவ்வேடுகள், கல்வெட்டில் இடம்பெறாத மக்களின் வரலாற்றுச் சான்றுகளாகும். அவற்றைத் தேடித் தொகுப்பது, ஊர்தோறும் உள்ள தமிழாசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க பணி.