மார்மைட்டும் பம்பாய்ப் பெண்களும்: ஃபோலிக் அமிலம் கடந்து வந்த பாதை

கருவுற்ற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்துவிட்டு வாங்கி வரும் மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் நிச்சயம் இருக்கும். விலை மிகக் குறைவு, விழுங்குவதும் எளிது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இந்தச் சத்தின் வரலாறு தொடங்கியது லண்டனிலோ நியூயார்க்கிலோ அல்ல. பம்பாயில், ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில்!

1920களில் பம்பாயில், குறிப்பாக ஜவுளி ஆலைகளில் வேலை செய்த பெண்களிடையே, கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகை காணப்பட்டது. பலர் அதிலேயே இறந்தனர். இது வழக்கமான இரத்தசோகை அல்ல. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இப்பெண்களுக்கோ அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இதனை ஆராய மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவரின் அழைப்பின் பேரில் 1928இல் வந்தவர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தவர். (அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை, 1948இல்தான் மனம் இரங்கியது.) பிறகு மருத்துவம் படித்து 1920இல் மருத்துவரானார்.

பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியைத் தொடங்கிய வில்ஸ், முதலில் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. அடுத்து, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். பல தரப்புப் பெண்களின் உணவை ஒப்பிட்டபோது, காய்கறி, பழம், புரதம் ஆகியவை மிகக் குறைவாகக் கிடைத்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே நோய் அதிகம் இருந்தது. அதே வகை உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் இரத்தசோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் வராமல் இருந்தது. ஆனால் எலிகளின் உடலில் இருந்த பேன் ஒரு கிருமியைப் பரப்பியதும் அந்தச் சோகைக்குக் காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. ஆகவே எலிகளை நம்ப முடியவில்லை. குரங்குகளுக்கு மாறினார். அவற்றில் நோயுற்ற ஒன்றுக்கு மார்மைட்டைக் கொடுக்க, அது தேறிவிட்டது.

மார்மைட் என்பது பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் கரிய, உப்புக் கரிக்கும் பசை; ஆங்கிலேயர் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. அதையே பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே புதிய இரத்த அணுக்கள் உருவாகத் தொடங்கின. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டார். இடையில் 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த மருத்துவமனையிலும் அவர் பணியாற்றியுள்ளார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. அவ்வழியே போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அக்காலத்தில் இரத்தசோகைக்குப் பெயர் பெற்ற மருந்து ஈரல். 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 'பெர்னிஷியஸ்' வகைச் சோகையை ஈரல் உணவால் மாற்றிக் காட்டினர். 1934இல் நோபல் பரிசும் கிடைத்தது. வில்ஸ் கவனித்தது இதுதான்: நன்கு சுத்திகரிக்கப்பட்ட ஈரல் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்தியது, ஆனால் இந்தியக் கர்ப்பிணிகளுக்குப் பயன்படவில்லை. சுத்திகரிக்காத ஈரலும் மார்மைட்டும் பயன்பட்டன. அப்படியானால் இரண்டு வெவ்வேறு சத்துகள் இருக்கின்றன! பெயர் தெரியாத அந்த இரண்டாவது சத்து சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே அழைக்கப்பட்டது.

1941இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் 4 டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தனர். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்' என்று பெயர். அதனால் ஃபோலிக் அமிலம். 1945இல் லெடர்லே நிறுவனத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துப் பலிகொண்டது 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய். ஃபோலிக் அமிலம் பயன்படும் நோய்களில் அதுவும் ஒன்று என்பது எத்தகைய விதி! அதே சத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவரது குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றைக் கொண்டே சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணிக்க முடியும் என்று காட்டினார்.

மருந்து கைக்கு வந்ததும் மருத்துவர்கள் எல்லாச் சோகைக்கும் அதைக் கொடுத்தனர். பெர்னிஷியஸ் சோகை நோயாளிகளுக்கு இரத்தம் தேறியது, ஆனால் நரம்புகள் கெட்டுக்கொண்டே போயின. அவர்களுக்கு இல்லாதது 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12. ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடும். பி12 பெரும்பாலும் பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைப்பதால், சைவ உணவினர் மிகுந்த நம் நாட்டில் இந்த எச்சரிக்கை இன்றும் பழசாகவில்லை.

வில்ஸ் 1964இல் மறைந்தார். அவர் அறியாத இன்னொரு அத்தியாயம் அடுத்த ஆண்டே தொடங்கியது. 1965இல் ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும், முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாரிடம் ஃபோலேட் பயன்பாட்டில் குறை இருப்பதாகக் கூறினர். பலர் நம்பவில்லை. 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த பெரிய ஆய்வு 1991இல் சந்தேகத்தைத் தீர்த்தது. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களே அதில் பங்கேற்றனர். முடிவு தெரிந்த 1195 கர்ப்பங்களில் 27 குழந்தைகளுக்குக் குறை வந்தது. அவர்களில் 21 பேர் ஃபோலிக் அமிலம் பெறாத தாய்மாருக்கு உருவானவர்கள். பெற்றவர்களுக்கு 6 பேர் மட்டுமே. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

இங்கேதான் சிக்கல். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, வீட்டில் சொல்லி, சுகாதார நிலையத்துக்குப் போவதற்குள் அந்த 28 நாள் கடந்துவிடும். இரத்தசோகைக்கு அந்த மாத்திரை உதவும். முதுகெலும்புக்கு அது தாமதம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உடலில் சேர வேண்டும். கீரை, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் அது சூட்டில் அழியும், நீரில் கரையும்; கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும்.

எனவே அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே அதைக் கலக்க உத்தரவிட்டது: 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். ஆண்டுக்குச் சுமார் 1300 குழந்தைகள் இக்குறையிலிருந்து தப்புவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. கனடாவில் குறைபாடு ஏறத்தாழப் பாதியானது. வில்ஸின் சொந்த நாடோ பல ஆண்டுகள் வாதாடிவிட்டு, 2024இல்தான் சட்டம் இயற்றி, 2026 டிசம்பரை நடைமுறைக்கு நாளாகக் குறித்தது.

இந்தியாவில் 2021இல் ரேஷன் அரிசியைச் செறிவூட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்ந்த அரிசி. 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பலர் பொறுக்கி எறிந்தது அதன் மணிகளைத்தான்! எறியாமல் சாப்பிட்டாலும் கணக்கு இடிக்கிறது. அதற்கு வகுத்த தரத்தின்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு 40 மைக்ரோகிராம்கூடத் தேறாது. அமெரிக்க மாவில் கிலோவுக்கு 1400!

2023இல் உலக சுகாதாரப் பேரவை, இக்குறைகளைத் தடுக்க உணவைச் செறிவூட்டும்படி நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. தென்னிந்தியக் கிராமங்களைச் சேர்ந்த 83 பெண்களுக்கு, அயோடின் உப்பிலேயே ஃபோலிக் அமிலத்தையும் கலந்து, வழக்கமான சமையலுக்கு 4 மாதங்கள் கொடுத்தனர். மாத்திரையும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. அவர்கள் இரத்தத்தில் ஃபோலேட் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது.