பெட்டிக்கு முன்னால் ஓடிய தகவல்

1972 ஜூன் 23ஆம் நாள், ரோட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களுடன் வந்த 'நிஹோன்' கப்பல் தஞ்சோங் பகாரில் அணைந்தது. சிங்கப்பூரின் புதிய கொள்கலன் முனையத்திற்கு வந்த முதல் கப்பல் அதுதான். மூட்டை சுமந்து பிழைத்த துறைமுகத் தொழிலாளர்களுக்கு, தமிழர்களும் அவர்களில் ஏராளம், அந்த இரும்புப் பெட்டி நல்ல சேதியாக வரவில்லை.

பெட்டி வந்துவிட்டது, காகிதம் போகவில்லை. ஒரு சரக்குக்கு அனுமதி வாங்கப் பல படிவங்களைப் பூர்த்தி செய்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். சரக்கு வந்தும் தாள் வராமல் நாள் கணக்கில் காத்திருந்த வணிகர்கள் உண்டு. 1985இன் பொருளாதார மந்தம் அரசாங்கத்தை உலுக்கியது. 1989 ஜனவரி முதல் தேதி 'டிரேட்நெட்' தொடங்கியது. ஒரே மின்படிவம், நாள்கள் நிமிடங்களாகச் சுருங்கின.

துறைமுகத்திற்குள் இருந்த சிக்கல் வேறு. இங்கே இறங்கும் கொள்கலன்களில் பெரும்பாலானவை கப்பல் மாறி வேறு ஊர்களுக்குப் போகிறவை. சென்னைக்குப் போக வேண்டிய பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால்? மேலே இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்த பிறகுதான் அதை எடுக்க முடியும். ஒவ்வொரு தூக்கலும் காசு. 1988இல் வந்த 'சிட்டோஸ்' கணினி முறை, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும் என்பதை முன்கூட்டியே பார்த்து அடுக்க வழி செய்தது. ஒரு கப்பல் தாமதித்தால் அடுக்கும் திட்டத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பாரந்தூக்கிகளைவிட இந்தக் கணக்குதான் துறைமுகத்தை உயர்த்தியது என்றால் மிகையாகாது.

ஆனால் கணினி ஒன்றே வாடிக்கையாளரைக் கட்டிப்போடவில்லை. 2000இல் மெர்ஸ்க் நிறுவனமும், 2002இல் எவர்கிரீனும் ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திற்கு மாறின. அங்கே கட்டணம் குறைவு. மெர்ஸ்க்குக்கு முனையத்தில் பங்கும் கிடைத்தது. வேகத்தில் முந்தியவர் விலையில் பிந்திய கதை இது.

2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. இனி எதையும் சமாளிக்கலாம் என்று தோன்றிய நேரத்தில் செங்கடல் நெருக்கடி வந்தது. ஹூத்தி தாக்குதல்களுக்கு அஞ்சிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. கால அட்டவணை குலைந்தது. 2024 மே மாதத்தில் கப்பல்கள் கூட்டமாக வந்து சேர, சில கப்பல்கள் இடத்திற்காக இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தன.

எந்தக் கப்பல் எப்போது வரும் என்ற தகவல் கையில் இருந்தது. பெட்டியை வைக்கத்தான் இடமில்லை. அப்போது கைகொடுத்தது, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய கப்பல் துறைகளும் அடுக்குத் திடல்களும். அவை மீண்டும் திறக்கப்பட்டன. கூடுதல் ஆட்களும் அழைக்கப்பட்டனர். வாரத்திற்கு 770,000 கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகம், 20 அடிக் கொள்கலன் கணக்கில், 820,000 வரை கையாளத் தயாரானது.